நிலவில் வீடு சரி, ராத்திரிக்கு கரண்ட்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நிலவில் மனிதர் தங்கப்போகும் வீடு பற்றி போன வாரம் நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டின் வடிவம், காற்று, தண்ணீர் எல்லாம் விளக்கமாக இருந்தது, மின்சாரத்துக்கு மட்டும் ‘சோலார் பேனல்கள்’ என்று ஒரே வரி. நான் ஏற்காட்டில் காபித் தோட்டங்களுக்கு சோலார் மாட்டுகிறவன், அதனால் அந்த வரியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

இங்கே மழைக்காலத்தில் மூட்டம் விலகாவிட்டால் இரண்டாம் நாள் ராத்திரியே பேட்டரி இறங்கிவிடும். நிலவிலோ ஒரு ராத்திரி என்பது நம் கணக்கில் சுமார் 14 நாள். ஒரே ஒரு கிலோவாட், அதாவது ஒரு இஸ்திரிப்பெட்டி இழுக்கும் கரண்ட், அத்தனை நாளும் விடாமல் வேண்டுமென்றால் 336 யூனிட் சேமித்து வைக்க வேண்டும், அதற்கான லித்தியம் பேட்டரி ஏறக்குறைய 2 டன் வரும். 2023 ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கிய சந்திரயான் 3-ன் விக்ரம் லேண்டர் ரோவரோடு சேர்த்தே 1,752 கிலோதான்! அந்த விக்ரமும் நிலவின் ஒரு பகல் உழைத்துவிட்டு, ராத்திரிக் குளிருக்குப் பிறகு எழவில்லை. பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது, 90 நிமிடச் சுற்றில் முக்கால் மணிக்குள் மறுபடி வெயில் வந்துவிடும்.

ஆகவே சிறிய அணு உலை இல்லாமல் முடியாது என்பது என் எண்ணம். 1969-ல் அப்போலோ 12 வீரர்கள் நிலவில் விட்டுவந்த கருவிகள், உலை இல்லாவிட்டாலும், புளூட்டோனியம் என்ற அணுப்பொருளின் சூட்டை வைத்துத்தான், 1977-ல் அணைக்கப்படும்வரை, ராத்திரியிலும் ஓடின.

அப்புறம் மண். நிலவில் பகலில் தரை 50 டிகிரியைத் தொடும்போது 8 செ.மீ. ஆழத்தில் மைனஸ் 10 என்று அளந்து சொன்னதும் விக்ரம்தான், அந்த மண் சூட்டை அவ்வளவு லேசில் கடத்தாது என்று அர்த்தம். வீட்டின்மேல் அந்த மண்ணையே கனமாகக் குவித்தால் குளிருக்கும் கதிர்வீச்சுக்கும் அதுவே போர்வை, கரண்ட் தேவையும் குறையும்.

சந்திரயான் 2 சோதனைக்கு நிலவு மண் போலத் தயாரிக்க நாமக்கல் பக்கத்து சித்தம்பூண்டி, குன்னமலை பாறைகள்தான் போயின, நம் பெரியார் பல்கலைக்கழகமும் அதில் உதவியது. அந்தப் பொடியைச் செங்கல்லாக அழுத்தி, எத்தனை அடி கனத்துக்கு எவ்வளவு சூடு தங்குகிறது என்று சேலம் கல்லூரி மாணவர்கள் அளந்து பார்க்கட்டும். வெற்றிடத்தில் கணக்கு மாறும், இருந்தாலும் தொடங்கலாமே. இதை நீங்கள் எழுதினால் கல்லூரிகளின் காதில் விழும். வயரிங், பேட்டரி வேலைக்கு நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஏற்காடு