மருந்தகத்துக்கு சாஃப்ட்வேர் வாங்கும் முன் மருந்தாளுநரையும் கூப்பிடுங்கள்

மருத்துவமனை நிர்வாகிகளுக்கு வணக்கம்.

மருந்தகத்தைக் கணினிமயமாக்கப் போகிறோம் என்று நீங்கள் சொன்னால் மருந்தாளுநர்களான எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் கணக்குப் பிரிவு இருக்கிறது, கொள்முதல் பிரிவு இருக்கிறது, விற்க வந்தவர் இருக்கிறார், நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டப் போகிற மருந்தாளுநர் மட்டும் இல்லை. அதனால்தான் பில் போட அருமையாகவும் மருந்து கொடுக்க அரைகுறையாகவும் ஒன்று வந்து சேர்கிறது.

ஸ்டாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் மருந்து இருக்கும், அலமாரியில் இருக்காது. வார்டுக்கு அவசரமாகக் கொடுத்ததையும் அங்கிருந்து திரும்பி வந்ததையும் பதிய ஏழெட்டுத் திரை தாண்ட வேண்டும் என்றால் யார்தான் பதிவார்கள்? பல மருந்துப் பெட்டிகளில் இப்போது ஒரு சின்னச் சதுரக் குறியீடு வருகிறது, அதிலேயே தயாரிப்புத் தொகுதியைக் காட்டும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அடக்கம் (ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி முதல் மருந்துச்சீட்டுக்குக் கொடுக்கும் பெரும்பாலான மருந்துகளுக்கு இது கட்டாயம்). ஒரு ஸ்கேனில் உள்ளே போக வேண்டிய இந்த விவரத்தைக் கையால் தட்டச் சொல்லும் சாஃப்ட்வேரை வாங்கிவிட்டு, ஒரு பேட்ச் திரும்பப் பெறப்படும் நாளில் அது எந்த வார்டுக்குப் போனது என்று எங்களைக் கேட்டால் நாங்கள் என்ன சொல்வது?

அப்புறம், எச்சரிக்கைகள். ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் பெட்டி பெட்டியாகத் திறந்தால் கை தானாக ‘சரி’யை அழுத்திவிடும். 2013-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மருத்துவமனையில் இதுதான் நடந்தது. 160 மில்லிகிராம் என்று நினைத்து மருத்துவர் பதிந்த எண்ணை, உடல் எடையில் கிலோவுக்கு 160 என்று கணினி எடுத்துக்கொண்டது. ஒரு மாத்திரை சாப்பிட வேண்டிய 16 வயதுப் பையனுக்கு முப்பத்தெட்டரை மாத்திரை. எச்சரிக்கை வந்தது, மருத்துவரும் மருந்தாளுநரும் தாண்டிப் போனார்கள், ரோபோ பிசகாமல் எண்ணிக் கட்டியது, நர்ஸ் ஸ்கேன் செய்தபோது பார்கோடும் பதிவோடு ஒத்துப்போனது. பையனுக்கு வலிப்பு வந்தது, நல்லவேளை பிழைத்துக்கொண்டான்.

இதைப் படித்துவிட்டு பழைய நோட்டுக்கே போய்விடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் படுக்கையருகே பார்கோடு ஸ்கேன் வந்தபின், மருந்து கொடுப்பதில் நேரம் தவறுவது தவிர்த்த மற்ற பிழைகள் 41 சதவீதம் குறைந்ததாக 2010-இல் ஆய்வு வெளியானது. அதே கருவிதான், பதிவு சரியாக இருந்தால் காப்பாற்றும்.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். டோஸ் பதியும் கட்டத்தில் அலகு பெரிதாகத் தெரிய வேண்டும், அளவு வரம்பை எக்கச்சக்கமாக மீறினால் வெறும் ‘சரி’யில் தாண்ட முடியக்கூடாது. எந்த எச்சரிக்கை வேண்டும், எதை நிறுத்தலாம் என்று மருந்தாளுநர், மருத்துவர், நர்ஸ் மூவரும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும், அதை அவ்வப்போது திருத்தவும் நேரம் ஒதுக்குங்கள். ரோபோவெல்லாம் பிறகு பார்க்கலாம். விற்பவர் செய்துகாட்ட வரும்போது அவருடைய மாதிரிப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, எங்கள் மருந்தகத்தின் ஒரு நாள் சீட்டுகளை எங்கள் முன்னாலேயே அதில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்தைப் பிறகு போடலாம்.