ஒரு சாலையைக் கடக்க ஐம்பது ரூபாய்

கோவை மாநகரின் சாலைகளையும் பேருந்துகளையும் போக்குவரத்தையும் கவனித்துவரும் அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

அவினாசி சாலையைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்வதற்கு எதுவுமில்லை. எந்தச் சிக்னல் எப்போது எடுக்கப்பட்டது, நடுத்திட்டு எங்கெங்கே அடைக்கப்பட்டது, யூ-டர்ன் எங்கெங்கே விடப்பட்டது என்பதெல்லாம் உங்கள் மேசைகளில் முடிவானவை. ஆகவே முன்கதையை விட்டுவிட்டு, கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் சாலைக்குத் தெற்கே குடியிருக்கிறேன். வேலை செய்யும் இடம் வடக்கே. இடைப்பட்ட தூரம் நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு என்பதால் சைக்கிளில்தான் போய்வருகிறேன். மாலை ஆறேகால் மணி வாக்கில் வடக்குப் பக்கப் பேருந்து நிறுத்தத்தின் அருகே, சைக்கிளைக் கையில் பிடித்தபடி, வண்டிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி விழாதா என்று நிற்பது என் அன்றாட வழக்கம். அதே நேரத்தில் நேர் எதிரே, தெற்குப் பக்கத்தில், ஒரு மூதாட்டி நிற்பார். வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மசக்காளிபாளையம் பக்கம் இரண்டு வீடுகளில் சமையல் வேலையை முடித்துவிட்டுச் சின்னியம்பாளையம் திரும்புகிறவர். காலையில் அவர் வரும் பேருந்து அவரைத் தெற்குப் பக்கம் இறக்கிவிடுகிறது; மாலையில் அவர் ஏற வேண்டிய பேருந்து வடக்குப் பக்கம் வந்து நிற்கிறது. நான் அந்தப் பக்கம் போக வேண்டும், அவர் இந்தப் பக்கம் வர வேண்டும். நடுவில் வண்டிகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒரு வார்த்தைகூடப் பேசாமல், சேர்ந்து காத்துக்கிடந்ததனாலேயே எங்களுக்குள் ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை எதிரே அவரைக் காணவில்லை. சிறிது நேரத்தில் ஓர் ஆட்டோ என் அருகில் வந்து நிற்க, அதிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினார். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டேன். “எங்கயும் போகலீங்க அம்மணி, அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் வந்தேன். பஸ்ஸுக்குக் காசு வாங்கறதில்லீங்க, ரோட்டத் தாண்டறதுக்குத்தான் அம்பது ரூவா” என்றார். வாரத்தில் இரண்டு நாளாவது இப்படித்தான் வருகிறாராம். முழங்கால் வலி இல்லாத நாட்களில் மட்டும் துணிந்து நடுவில் இறங்குவாராம்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று 2021 மே மாதத்திலிருந்து தமிழக அரசு வழங்கிவரும் சலுகையின் அருமை, ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கும் இவரைப் போன்றவர்களுக்குத்தான் முழுமையாகத் தெரியும். வீடு வரைக்குமான பேருந்துப் பயணத்துக்கு ஒரு பைசா வாங்காத அரசின் சாலையில், எதிர்ப்பக்கம் போய்ச் சேர அவர் மாதம் நானூறு ரூபாய் கொடுக்கிறார் என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இந்த மடலை எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். அவினாசி சாலையில் பேருந்து நிறுத்தம் உள்ள ஒவ்வோர் இடத்திலும், நடப்பவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருபவரும் தரைமட்டத்திலேயே பாதுகாப்பாகச் சாலையைக் கடக்க, சிக்னலோடு கூடிய ஒரு வழி வேண்டும்.

பேருந்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்றாலும், இதுவரை செய்யப்பட்டிருக்கும் ஏற்பாடுகளைப் பார்க்கையில் அதை எழுதிவைப்பது நல்லது என்று தோன்றுகிறது. போகும்போது ஒரு பக்கம் இறங்குகிறவர், திரும்பும்போது அதற்கு எதிர்ப்பக்கம் ஏறியாக வேண்டும். வீட்டிலிருந்து புறப்பட்டு வீடு திரும்பும் எந்தப் பேருந்துப் பயணியும் நாளில் ஒரு முறையேனும் சாலையைக் கடக்காமல் இருக்க முடியாது. கார்க்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. யூ-டர்ன் எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலிலேயே போய் இறங்கிவிடுவார். ஆகவே கடக்க முடியாத சாலையில் எத்தனை புதுப் பேருந்துகளை விட்டாலும் அவை பாதிப் பயணத்துக்குத்தான் பயன்படும். மீதிப் பாதிக்கு ஆட்டோவோ, கடன் வாங்கிய ஸ்கூட்டரோ வேண்டியிருக்கும்.

சிக்னல் இருந்த காலத்தில் சிவப்பு விளக்கு விழும். வண்டி ஓட்டுபவர்களுக்கு அது எரிச்சலாக இருந்திருக்கலாம்; எங்களுக்கு அந்த முப்பது நாற்பது விநாடிதான் பாதை. சிக்னலை எடுத்ததால் வண்டிகளின் காத்திருப்பு குறைந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பு மறைந்துபோய்விடவில்லை. கார்களிலிருந்து இறங்கி எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சைக்கிளில் வருபவர் யூ-டர்னைப் பயன்படுத்தலாமே என்றால், இடது ஓரமாகப் போய்க்கொண்டிருப்பவர், பின்னால் விரைந்து வரும் வண்டிகளுக்குக் குறுக்கே ஒவ்வொரு வரிசையாக வலப்பக்கம் நகர்ந்து நடுத்திட்டை ஒட்டி வந்து, அங்கே திரும்பக் காத்திருக்கும் லாரிக்கும் வேனுக்கும் நடுவில் நின்று திரும்பி, மறுபடியும் அதே வரிசைகளைக் குறுக்கே கடந்து இடது ஓரத்துக்கு வந்து சேர வேண்டும். ஒரு முறை செய்து பார்த்தேன். அன்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் ஒரு வேலையும் ஓடவில்லை. மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதும் வண்டிக்குத் தப்பிப் பிழைத்தவர்கள் உண்டு. ஐம்பதுக்கு மேல் போனால் அந்த வாய்ப்பு மளமளவென்று சரிந்துவிடும் என்பது சாலைப் பாதுகாப்புப் பயிற்சிகளில் உங்களுக்குச் சொல்லித்தரப்படும் பாலபாடம். இடைநிற்றல் இல்லாத சாலையில் முப்பதில் போகிறவர் யார்?

இதையெல்லாம் எழுதி ஏற்கெனவே ஒரு மனு கொடுத்தேன். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. “பொதுமக்கள் அருகிலுள்ள யூ-டர்ன் வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள், படிக்கட்டுடன் கூடிய நடைமேம்பாலம் பரிசீலனையில் உள்ளது” என்பது அதன் சாரம். முழங்கால் வலியோடு நடந்துவரும் மூதாட்டி யூ-டர்ன் எடுக்கும்போது எந்தக் கையால் சைகை காட்ட வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் தெரிவித்திருக்கலாம். நடைமேம்பாலத்தைப் பொறுத்தவரை, அவரால் அத்தனை படிகள் ஏறி இறங்க முடியும் என்றால் ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்திருக்கவே மாட்டார். என் சைக்கிளையும் நான் தோளில் சுமந்து ஏற முடியாது. கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருள வேண்டும். அந்தப் பதிலைப் பலமுறை படித்ததன் விளைவு இது.

மேலே பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில், 1,791 கோடி ரூபாய் செலவில் எழுப்பப்பட்டு, 2025 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்ட மேம்பாலம் போகிறது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை பத்தே நிமிடத்தில் போய்விடலாம் என்று சொன்னார்கள். அதன் நிழலில், தூணுக்கும் தூணுக்கும் இடையே எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி நான் நின்ற நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பதினான்கு நிமிடம். நிறுத்தங்கள் எல்லாம் தரையில் இருப்பதால், நின்று நின்று ஆள் ஏற்றும் டவுன் பஸ்ஸுக்கும் அந்தப் பாலத்தால் பயனில்லை. அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயரைச் சூட்டியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தைத் தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர் அவர். பேருந்துக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பாலம் டவுன் பஸ்ஸுக்குப் பயன்படாமல் இருப்பதைக் கண்டால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ, அதை ஊகிக்க எனக்குத் துணிவில்லை.

என் தந்தை பீளமேட்டில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். எண்பதுகளில், ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால், கேட்டிலிருந்து வெளியே வரும் சைக்கிள்கள் அவினாசி சாலையை அடைத்துக்கொண்டு குறுக்கே போகும். பேருந்தும் லாரியும் காரும் நின்று வழிவிடும். அன்று யாரும் சைக்கிளை உடற்பயிற்சிக் கருவியாக நினைக்கவில்லை. இன்று ரேஸ் கோர்ஸைச் சுற்றியும் குளக்கரைகளிலும் அழகழகான பாதைகள் இருக்கின்றன. அங்கே காலை ஆறு மணிக்குச் சைக்கிள் மிதிப்பவர்களில் சிலர், அந்தச் சைக்கிளைக் காரின் பின்னால் கட்டி எடுத்து வருகிறார்கள். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை, அவர்களுக்கும் வேறு வழி இல்லையே. வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒரு முழம் இடம்கூட ஒதுக்காத ஊர், வட்டமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்பவர்களுக்கு மட்டும் பாதை போட்டிருக்கிறது.

இன்னொன்றையும் கேட்க நினைத்தேன். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் விலையில்லாச் சைக்கிள் வழங்கப்படுகிறது. வழங்கும் விழாக்களுக்கு உங்களில் சிலரும் போயிருப்பீர்கள். அந்தச் சைக்கிளை இந்தச் சாலையில் ஓட்டிப்போக உங்கள் வீட்டுப் பிள்ளையை அனுமதிப்பீர்களா? எங்கள் தெருவில் அப்படி வந்த சைக்கிள்கள் மூன்று இருக்கின்றன. ஒன்றில் துணி காய்கிறது. மற்ற இரண்டும் சீட்டு உறையைக்கூடப் பிரிக்காமல் சுவரில் சாத்தி நிற்கின்றன. பதினெட்டு வயது ஆனதும் பிள்ளைகள் தவணையில் பைக் வாங்குகிறார்கள். அதன் பிறகு நெரிசல் கூடிவிட்டது என்று இன்னொரு மேம்பாலத்துக்குத் திட்டம் போடுகிறோம்.

மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மெட்ரோ கொள்கைப்படி இருபது லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லி, 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பியது. அந்த வழக்கை யார் வேண்டுமானாலும் வாதாடட்டும். மெட்ரோ நாளைக்கே வந்தாலும், ரயிலைவிட்டு இறங்குபவர் ஏதோ ஒரு பக்கத்துக்கு நடந்துதான் போக வேண்டும்.

என்னையறியாமல் எங்கெங்கோ போய்விட்டேன். திரும்பவும் என் விண்ணப்பத்துக்கே வருகிறேன்: பேருந்து நிறுத்தம் உள்ள ஒவ்வோர் இடத்திலும், தரைமட்டத்தில், சிக்னலோடு ஒரு கடக்கும் வழி. இதற்குக் கோடிகள் தேவைப்படா. தூண்களுக்கு இடையே உள்ள நடுத்திட்டை ஒரு சைக்கிள் நுழையும் அகலத்துக்கு வெட்டிவிட்டால், பாதிச் சாலையைக் கடந்தவர் அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்ள இடம் கிடைக்கும். என் காலடிக் கணக்கில் ஒரு பக்கச் சாலையின் அகலம் ஏறக்குறைய பத்து மீட்டர். பொதுவாகத் திட்டமிடுபவர்கள் நடப்பவரின் வேகத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். முழங்கால் வலிக்காரருக்கு 0.8 என்று வைத்தாலும் பதின்மூன்று விநாடி போதும். தாராளமாக இருபது விநாடி கொடுங்கள். பொத்தானை அழுத்தினால் மட்டும், அதுவும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் விழாதபடி, சிவப்பு விளக்கு விழட்டும். கடக்கும் இடத்தைச் சாலையின் மட்டத்திலிருந்து சற்றே உயர்த்திவிட்டால் வண்டிகள் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். வாகனங்களைக் காட்டிலும் மனிதர்களை நகர்த்துவதே நோக்கமாக இருக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்கிறது. ஐம்பது பேரோடு வரும் ஒரு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்கு, இரண்டு நிமிடத்தில் இருபது விநாடி கேட்பது மிகையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

லட்சுமி மில், நவ இந்தியா, பீளமேடு, ஹோப்ஸ், சித்ரா என்று எல்லா நிறுத்தங்களிலும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது என்றால், மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அருகில் உள்ளவற்றில் முதலில் தொடங்கலாம். டெண்டர், ஒப்புதல், நிதி ஒதுக்கீடு ஆகியவற்றுக்குக் காலம் பிடிக்கும் என்பதை நானும் அறிவேன். அதுவரைக்கும், மாலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை மட்டுமாவது, வண்டிகளை நிறுத்திவிட ஒரு காவலரையோ ஊர்க்காவல் படையினர் ஒருவரையோ அந்த நிறுத்தங்களில் நிற்கவைக்கும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பழைய மனுவின் ரசீது நகலையும் அதற்கு வந்த பதிலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அவினாசி சாலைக்குத் தெற்கே வசித்து, வடக்கே வேலை பார்க்கும்
ஒரு சைக்கிள்காரி