வெள்ளையாக இருந்தால் நல்ல காளானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மழைக்காலக் காளான் கட்டுரையை ஆசை ஆசையாகப் படித்தேன். புற்றுக்காளான் குழம்பு பற்றிய பத்தி என் அம்மாவின் கைமணத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் நடுவில் ஒரு வரி: “பளிச்சென்ற நிறமுள்ளவை விஷம், வெள்ளையாக இருந்தால் பயமில்லாமல் சாப்பிடலாம்.” படித்ததும் திக்கென்றது. இந்த நம்பிக்கையால் என் தங்கை குடும்பமே ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறது.

நான்கு வருடம் முன்பு, ஐப்பசி மழையில், அவள் வீட்டுப் புல்தரையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளைக் குடைகள் முளைத்தன. வெள்ளைதானே என்று பறித்து மிளகு போட்டு வதக்கினாள். இரண்டு மணி நேரத்தில் நான்கு பேருக்கும் விடாத வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றித்தான் எழுந்தார்கள். மறுநாள் நான் போய், மிச்சம் நின்ற ஒன்றின் காம்பை நறுக்கிவிட்டு, குடையை வெள்ளைத் தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடினேன். விடிந்ததும் எடுத்துப் பார்த்தால், சக்கரத்தின் ஆரக்கால் போலத் தாளெல்லாம் பச்சைத் தூள். காளானுக்கு விதை மாதிரியான வித்துகள்தான் அந்தத் தூள். குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற காளான் அது. குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் முற்றிய பிறகுதான் பச்சை காட்டும். இளசில் சுத்த வெள்ளை.

சரி, வெள்ளைத் தூள் விழுந்தால் சாப்பிடலாமா? கூடவே கூடாது. ஆளையே கொல்லும் அமானிட்டா வகைகளின் தூள் வெள்ளைதான். அவற்றில் உள்ள அமானிட்டின் என்ற விஷத்துக்கு நிறமே கிடையாது. கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்டு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல், ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி பேதி வரும், நின்றும்போகும். தேறிவிட்டோம் என்று நினைக்கும் அந்த நேரத்தில்தான் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்ததை மறந்துவிடக் கூடாது. பூண்டு போட்டுக் கொதிக்க வைத்துப் பார்ப்பது, வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்ப்பது எதுவும் இந்த விஷத்தைக் காட்டிக்கொடுக்காது.

நிறம் வேறு, விஷம் வேறு என்பதற்கு எனக்குத் தெரிந்து நல்ல உதாரணம், கொடைக்கானல் பைன் மரங்களுக்கு அடியில் வரும், சிவப்பில் வெள்ளைப் பொட்டு வைத்த அமானிட்டா மஸ்காரியா. அந்தச் சிவப்பைத் தருவது பீட்டாலைன் என்ற நிறமி. நாம் பொரியல் செய்யும் பீட்ரூட்டுக்கு நிறம் தரும் அதே குடும்பம். தலையைக் கிறுகிறுக்க வைப்பதோ அதில் உள்ள ஐபோட்டெனிக் அமிலமும் மஸ்கிமாலும். இரண்டுமே நிறமற்றவை. பட்ட மரத்தில் செந்தூரம் பூசினாற்போல் ஒட்டியிருக்கும் பிக்னோபோரஸ் என்ற காளான் இன்னொன்று. தோல்போல் கடினமாக இருப்பதால் அதை யாரும் சமைப்பதில்லை. அதற்குச் செந்நிறம் தரும் சின்னபாரின் பாக்டீரியாக்களைத் தடுப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

வெளிறிய காளானிலிருந்தும் மருந்து கிடைத்திருக்கிறது. எங்கள் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு, கோழிகளின் பாக்டீரியா நோய்களுக்குக் கொடுக்கும் டியாமுலின் என்ற மருந்து தெரிந்த பெயர். அதற்கு மூலமான புளூரோமியூட்டிலின், 1951இல் ஒரு சாதாரண வெளிறிய காளானிலிருந்து பிரித்தெடுத்தது. அதே வழியில் வந்த லெஃபமுலின், 2019இல் மனிதர்களின் நிமோனியாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

என் பாட்டி நிறத்தைப் பார்த்ததே இல்லை. புற்று இருக்கும் இடமா என்று பார்ப்பாள். மண்ணைக் கையால் தோண்டி, காம்பு வேர்போல நீண்டு புற்றுக்குள் இறங்குகிறதா என்று பார்ப்பாள். சந்தேகம் வந்தால் அங்கேயே விட்டுவிடுவாள். அந்தக் கை இல்லாத நாம், ஒரு வரியை நம்பிப் பறிக்கக் கூடாது.

அடுத்த மழைக்கு முன், அடுத்த இதழிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். காளான் சாப்பிட்டு யாருக்காவது முடியாமல் போனால், மிச்சமுள்ள காளானையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்