ஆண்டறிக்கை 2025: ஆமென் மட்டும் சேர்ந்து சொல்வோம்

கிறிஸ்துவுக்குள் அன்பான எல்லாருக்கும் வணக்கம். எந்த மாதம் யார் வீட்டில் கூடினோம் என்பது பதிவேட்டில் இருக்கிறது, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அதனால் செயலாளராக என் மனதில் நின்றதை மட்டும் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் வீடுகளில் கூடி ஜெபிக்கும் நம் ஐக்கியத்தில் மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே எல்லாரும் இருக்கிறோம். ஞாயிறு காலையில் அவரவர் ஆராதனைக்கும் பூசைக்கும் போய்விட்டு, மூன்றாம் ஞாயிறு மாலை மட்டும் ஏதாவது ஒரு புளோக்கில், யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் பாய் விரித்து ஒன்றாக உட்காருகிறோம். பாட்டு, வேதவாசிப்பு எதிலும் சிக்கல் இல்லை. கடைசியில் வரும் கர்த்தருடைய ஜெபத்தில்தான் தடுமாறுவோம். பாதிப்பேர் "எங்கள் பிதாவே" என்று தொடங்க, மற்றவர்கள் "எங்கள் தந்தையே" என்பார்கள். வரிக்கு வரி இடிக்கும். தீமையிலிருந்து விடுவிக்கக் கேட்கும் வரியோடு கத்தோலிக்கர் முடித்துவிடுவார்கள், மற்றவர்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்வார்கள்.

ஜெபத்துக்கு எல்லாருக்கும் ஒரே வாசகத்தை வைத்துக்கொள்ளலாம் என்று செயற்குழுவில் இரண்டு தடவை பேசினோம். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995லேயே வந்துவிட்டது, அதிலிருந்து எடுக்கலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. ஆனால் சின்ன வயதில் அம்மா மடியில் கற்ற ஜெபத்தை யாரால் மாற்றிச் சொல்ல முடியும்? மார்ச் கூட்டத்தில் நம் மூத்த கத்தோலிக்க அக்கா ஒருவர்தான் வழி சொன்னார். "நாங்க முடிச்சிட்டுக் காத்திருக்கோம், நீங்க நிதானமா சொல்லி முடிங்க, ஆமென் மட்டும் சேர்ந்து சொல்வோம்." அன்று முதல் அப்படித்தான். ஒரு பக்கம் குரல் அடங்கும், கண்ணை மூடியபடியே காத்திருப்பார்கள், சின்னப் பிள்ளைகள்கூட வாயைத் திறக்க மாட்டார்கள். அப்புறம் எல்லார் வாயிலிருந்தும் ஒரே ஆமென். இந்த வருடம் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு ஒருவர் ஆலயத்துக்கு ஒருவர் போகவும் தொடங்கினோம். 1888இல் திறந்த ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவிலுக்கு மே மாதம் போனோம். பிரான்சில் உள்ள லூர்து ஆலயத்தைப் பார்த்துக் கட்டியது, சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று எழும்பிய முதல் கோவில். ஜூலையில் ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை. இரண்டுக்கும் நடுவில் நடந்தே போய்விடலாம், ஆனாலும் எங்களில் பலர் ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருக்கும் நம் சகோதரி, மாதத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாளை நம்மோடு கழிக்கிறவர் (அந்த ஒரு நாளையாவது சம்பளம் கொடுத்து ஈடுகட்டாமல் லீவாகவே விட வேண்டும் என்று 2023 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது). தஞ்சாவூர்ப் பக்கம் அவருடைய அப்பாவின் அடக்கம் அன்று மாலைதான். ஜெபத்தை நிறுத்திவிட்டு, அவருடைய போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். அங்கே கல்லறைத் தோட்டத்தில் ஒரு கீர்த்தனையைத் தொடங்கினார்கள். சிக்னல் விட்டு விட்டு வந்ததில் பாட்டு அறுந்தது, அறுந்த இடத்திலிருந்து இங்கே தொழிலாளர் டார்மிட்டரியிலிருந்து வந்த தம்பிகள் எடுத்துப் பாடினார்கள். பாடி முடிக்கும்வரை அந்தச் சகோதரியின் கையை நாங்கள் கூடியிருந்த வீட்டு ஆன்ட்டி விடவே இல்லை. டிசம்பர் கேரல் பவனியில் அதே சகோதரிதான் முன்னால் நின்று பாடினார், வீட்டுக்கு வீடு முறுக்குத் தட்டை நீட்டியதும் அவர்தான்.

சரி, 2026க்கான வீட்டுப் பட்டியலுக்கு வருகிறேன். ஏப்ரலும் செப்டம்பரும் இன்னும் காலியாக இருக்கின்றன. வீடு பெரிதாக இருக்க வேண்டியதில்லை, பாயும் பாட்டுப் புத்தகமும் நாங்கள் கொண்டுவருவோம், தேநீர் போட்டால் போதும். சத்தம் பற்றிப் பக்கத்து வீட்டாரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்று சாப்பாடு முடிவதற்குள் என்னைப் பாருங்கள்.

அன்புடன்,
செயலாளர்