மீன் வண்டிக்கும் அதை ஓட்டிவந்த அண்ணாச்சிக்கும்

ஏரல் பக்கத்து ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. யார் வீட்டில் எதுவரை ஏறியது, யார் மாடியில் எத்தனை பேர் இருந்தோம் என்பதெல்லாம் நம் எல்லோருக்கும் தெரியும். அடுப்பு பற்றவைக்க இடமில்லாத நாட்களிலும் படிப்பகத்துப் புத்தகங்களுக்காக வந்து நின்றவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். மீதிப் புத்தகங்கள் இன்னும் காய்ந்துகொண்டிருக்கின்றன. காய்ந்து முடியட்டும் என்று காத்திருக்க மனம் வரவில்லை.

கதைப் புத்தகங்கள் மேல் தட்டில் இருந்ததால் தப்பின. கனமான பெரிய புத்தகங்களைக் கீழ்த் தட்டில் வைப்பதுதான் வழக்கம். ரேக் சாயாது, எடுக்கவும் சுலபம். அதனாலேயே வாழைச் சாகுபடி, பனைத்தொழில், உப்பளம், மோட்டார் வைண்டிங், வீட்டு வயரிங், நாட்டு மருந்து, கல்வெட்டு, வானவியல், தையல், பட்டா சிட்டா சட்டம், பிள்ளைப்பேறு, பறவைகள் என்று ஊருக்கு அன்றாடம் உதவிய அத்தனையும் தண்ணீருக்குள் போயின. அகராதிகளும் போயின.

ஈரப் புத்தகத்துக்கு நம் ஊர் வெக்கையில் இரண்டு நாள்தான் கெடு. 48 மணி நேரம் தாண்டினால் பூசணம் கிளம்பும். அறுநூறுக்கு மேற்பட்ட புத்தகங்களை இரண்டு நாளில் காயவைக்க ஊரில் எவரிடமும் இடம் கிடையாது, கரண்டும் கிடையாது. காயவைக்க முடியாததை உறையவைக்கலாம். உறைந்த புத்தகத்தில் பூசணம் வளராது, மை கலங்காது, தாள் மேற்கொண்டு உப்பாது. எத்தனை மாதம் ஆனாலும் அப்படியே இருக்கும். முடிந்தபோது பத்துப் பத்தாக வெளியே எடுத்துக் காயவைக்கலாம். இது எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. உறையவைக்க எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை.

பாதை அறுந்துபோய் ஊருக்குள் மாட்டிக்கொண்ட, உறைந்த மீன் ஏற்றும் குளிர்சாதன வண்டி ஒன்று மேட்டுத் தெருவில் நின்றது. அதை ஓட்டிவந்த அண்ணாச்சி கீழே இறங்கி, தெருவில் பரப்பிக் கிடந்த புத்தகங்களைப் பார்த்துவிட்டு, "இதைக் குளிர்ல வச்சா நிக்குமா?" என்று கேட்டார். நிற்கும் என்றோம். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. வண்டி முதலாளியிடம் எப்படியோ லைன் கிடைத்துப் பேசினார். கிடந்த சரக்கை அக்கம்பக்கத்துச் சமையலுக்குக் கொடுத்தார். வண்டிப் பெட்டியின் உள்பக்கத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

அண்ணாச்சி, நீங்கள் வண்டி தந்ததற்கு ஊரே நன்றி சொல்லும். நாங்கள் தனியாகச் சொல்ல வேண்டியது, அடுக்கக் கற்றுத் தந்ததற்கு.

நாங்கள் புத்தகத்தை மூட்டை மூட்டையாக உள்ளே திணிக்கத்தான் இருந்தோம். தடுத்து நிறுத்தினீர்கள். "இந்த வண்டி உறைஞ்ச சரக்கை உறைஞ்சபடியே கொண்டுபோறதுக்குச் செஞ்சது தம்பி. ஈரச் சரக்கை உறையவைக்கணும்னா காத்துக்கு வழி விடணும்" என்றீர்கள். அந்த ஒரு பேச்சில்தான் புத்தகங்கள் பிழைத்தன. திணித்திருந்தால் வெளி வரிசை மட்டும் கல்லாகியிருக்கும், நடுவில் இருந்தவை நாலு நாள் ஈரமாகவே கிடந்து பூசணம் பிடித்திருக்கும். கதவைத் திறக்கும்வரை அது யாருக்கும் தெரிந்திருக்காது.

நீங்கள் செய்த முறையை அடுத்த ஊர்க்காரர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதிவைக்கிறோம். சாக்கும் வேண்டாம், அட்டைப் பெட்டியும் வேண்டாம். சுற்றிலும் துளை உள்ள பிளாஸ்டிக் மீன் பெட்டிதான் சரி. தண்ணீர் வடியும், குளிர்க் காற்றும் உள்ளே போகும். ஒரு பெட்டியில் ஒரே அடுக்கு, முதுகுப் பக்கம் கீழே. படுக்கவைத்து ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினால் நனைந்த அட்டை நசுங்கி, அந்தக் கோணலிலேயே உறைந்துவிடும். இறுக்கியும் அடுக்கக் கூடாது, ஒன்று சாய்ந்து விழும் அளவுக்குத் தளர்த்தியும் விடக் கூடாது. பெட்டிக்குப் பதினேழு பதினெட்டுப் புத்தகம் பிடித்தது. தரையில் இரண்டு சவுக்குக் கம்பு போட்டு அதன்மேல் முதல் பெட்டி. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி. உள்சுவரில் மேலே சிவப்புக் கோடு போட்டிருக்கும், அதைத் தாண்டி அடுக்கினால் ஃபேன் தள்ளும் காற்று கடைசிவரை ஓடாது. செட்டிங் மைனஸ் 18. ஏற்றியபின் கதவை ஒரு நாளைக்கு ஒரே முறைதான் திறக்க வேண்டும். நம் ஊர் ஈரக் காற்று உள்ளே போனால் குளிரூட்டும் காயிலில் பனி கட்டிக்கொள்ளும், குளிர் குறையும்.

ஒவ்வொரு புத்தகத்தையும் தனியாகச் சுற்றச் சொன்னதும் நீங்கள்தான். சுற்றாமல் வைத்த இறால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும் என்று காட்டினீர்கள். ஈர அட்டையும் அப்படித்தான் ஒட்டும். சுற்றுவதற்குப் பட்டர் பேப்பர் வந்தது மக்ரூன் போடும் பேக்கரியிலிருந்து. எண்ணெயும் ஈரமும் ஊறாத தாள் அது, உறைந்தபிறகும் உரித்தால் வந்துவிடும்.

இரவில் இரண்டு முறை எழுந்து உள்ளிருந்து திரும்பி வரும் காற்றின் சூட்டை மீட்டரில் பார்த்து, ஒரு சிகரெட் அட்டையில் குறித்துவைத்திருக்கிறீர்கள். முதல் இரவு மைனஸ் 2, மறுநாள் மைனஸ் 9, மூன்றாம் நாள் மைனஸ் 17. அந்த அட்டை எங்களிடம் இருக்கிறது. அதைப் படிப்பகப் பதிவேட்டில் ஒட்டப்போகிறோம். ஒன்பது நாள் அந்த வண்டி நின்றது. அந்த ஒன்பது நாளில் கரண்ட் வந்தது, கூடம் காய்ந்தது, ஆட்கள் தேறினார்கள்.

1966 நவம்பரில் இத்தாலியில் ஆர்னோ ஆறு ஃபிளாரன்ஸ் நகரத்து நூலகத்துக்குள் புகுந்தபோது, ஈரப் புத்தகங்களைப் புகையிலை உலர்த்தும் கொட்டகைகளுக்குக்கூடக் கொண்டுபோனார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் நனைந்த நூல்களைக் காப்பது தனித் தொழிலாக வளர்ந்தது. 1988 பிப்ரவரியில் ரஷ்யாவின் லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) அறிவியல் கழக நூலகம் எரிந்து, அணைக்க அடித்த தண்ணீரில் மீதி நனைந்தபோது, ஊர் மக்கள் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காயவைத்துத் திருப்பித் தந்தார்கள். அங்கே நடந்ததுதான் நம் தெருக்களிலும் நடந்திருக்கிறது.

அந்த வீடுகளுக்கு அடுத்த நன்றி. வீட்டுக்கு ஐந்து புத்தகம் என்று வாங்கிப்போனீர்கள். அரிசி மில்காரர் கரண்ட் வந்த அன்றே த்ரீ ஃபேஸ் லைன் இழுத்துத் தந்ததால் வண்டிக்கு டீசல் செலவு நின்றது. ஐஸ்கிரீம் ஏஜென்சிக்காரர் சரக்கெல்லாம் உருகி நஷ்டப்பட்ட நிலையிலும் காலி ஃப்ரீசர் நான்கைத் தந்தார். வண்டி கிளம்பியபின் மீதிப் பெட்டிகள் அவற்றில்தான் இருக்கின்றன. அச்சகத்திலிருந்து அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் ரீல் முனைகள் வந்தன. பழைய செய்தித்தாளை ஈரத் தாளுக்குள் வைத்தால் அதன் மை இதில் இறங்கிவிடும், வெள்ளைத் தாள் கிடைத்தது பெரிய உதவி. சேறு கழுவிய பிள்ளைகளையும் மறக்க முடியாது. புத்தகத்தைத் திறக்காமல், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மூன்று தொட்டியில் வரிசையாக முக்கி எடுத்தார்கள். தேய்க்கவில்லை, பிழியவில்லை. கையுறை மாட்டச் சொன்னதைக் கேட்டார்கள். வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும்.

இன்னும் புத்தகம் வைத்திருக்கும் வீடுகளுக்குச் சில வார்த்தை. முதலில் தலைகீழாக, விசிறிபோலக் கொஞ்சம் விரித்து நிறுத்துங்கள். முழுசாகத் திறந்தால் முதுகு பிளந்துவிடும். இருபது தாளுக்கு ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். வைத்த தாளெல்லாம் சேர்ந்து புத்தகக் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பைண்டிங் வாய் பிளக்கும். முதல் நாள் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஃபேனைப் புத்தகத்தின்மேல் திருப்பாமல் சுவரைப் பார்த்து ஓடவிடுங்கள். மார்கழிப் பனி இறங்குவதால் பொழுது சாய்ந்ததும் ஜன்னலை அடைத்துவிடுங்கள்.

வெயிலில் வைக்க வேண்டாம். ஈரத்துணியை வெயிலில் போட்டே பழகிய நமக்கு இது கஷ்டம்தான். ஆனால் அட்டை ஒரு வேகத்திலும் உள்தாள் ஒரு வேகத்திலும் காய்ந்து, அட்டை அப்பளம்போல வளைந்துவிடுகிறது, தாளும் மஞ்சளாகிறது. ஏற்கெனவே வெயிலில் வைத்தவர்கள் மனம் வருந்த வேண்டாம். அந்தப் புத்தகங்கள் வளைந்தாலும் படிக்கலாம்.

காய்ந்துவிட்டதா என்பதை விரலால் பார்த்தால் ஏமாந்துபோவோம். புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து முதுகை ஒட்டிக் கன்னத்தை வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சில்லிப்பு விட்டபிறகு இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே செங்கல் ஏற்றி ஒரு வாரம் விடுங்கள். ஈரத்தோடு பாரம் ஏற்றினால் உள்ளே பூசணம் பூக்கும். பூத்துவிட்டால் ஈரத்தில் துடைக்காதீர்கள், அது தாளுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். தனியே எடுத்துக் காயவைத்து, மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். வசம்பு முடிச்சு வைத்துத் தந்த ஆச்சிக்கும் நன்றி. அது பூச்சிக்கு நல்லது. பூசணத்துக்குக் காற்றோட்டம்தான் மருந்து.

போனவையும் உண்டு. பறவைப் படப் புத்தகம் ஆர்ட் பேப்பரில் அச்சானது. அந்தத் தாளில் வழவழப்புக்காகப் பூசியிருக்கும் களிமண்ணும் பசையும் கலந்த பூச்சு நனைந்தால் பிசுபிசுக்கும், காயும்போது பக்கத்தோடு பக்கம் ஒட்டிச் செங்கல்லாகும். ஈரமாக இருக்கும்போதே உறையவைத்திருந்தாலோ, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்திருந்தாலோ கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். நாங்கள் பார்ப்பதற்குள் அது காய்ந்துபோயிருந்தது. சமையல் படப் புத்தகங்கள் நான்கும் அப்படியே. போட்டித் தேர்வு கைடுகளைத் தெரிந்தே விட்டோம், கடையில் புதிதாகக் கிடைக்கும். ஆனால் சங்கு குளிப்பது பற்றி 1914-இல் வந்த மீன்வளத் துறை வெளியீட்டின் ஜெராக்ஸ் பிரதி, எழுத்து கொஞ்சமும் கலையாமல் வந்துவிட்டது. ஜெராக்ஸ் மை சூட்டில் உருகித் தாளில் பதிந்த, பிளாஸ்டிக் கலந்த கரித்தூள், தண்ணீருக்குக் கரையாது. அதன் ஓரத்தில் யாரோ ஊற்றுப்பேனாவால் எழுதியிருந்த குறிப்புகள்தான் நீலக் கறையாகிவிட்டன.

இனிமேல் கீழ்த் தட்டில் ஒரு புத்தகமும் இருக்காது. மறுபடி வாங்க முடியாத புத்தகங்களின் பட்டியலைக் கதவின் உள்பக்கம் ஒட்டுவோம். அடுத்த முறை தண்ணீர் வாசலுக்கு வந்தால் யார் உள்ளே ஓடினாலும் முதலில் அவற்றைத் தூக்க வேண்டும். பதிவேட்டின் நகல் ஒன்று மில்காரர் மாடியில் இருக்கும். ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் பத்து மீன் பெட்டி, ஒரு கட்டுப் பட்டர் பேப்பர், பென்சில், கையுறை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துவைப்போம். பெட்டி எண் எழுதப் பென்சில்தான், பல பேனாக்களின் எழுத்து ஈரத்தில் நிற்காது.

ஃப்ரீசரில் இன்னும் பதினோரு பெட்டி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு பெட்டி என்று எடுக்கிறோம். கூடத்தில் அதற்கு மேல் விரிக்க இடமில்லை. சனிக்கிழமை காலை வர முடிந்தவர்கள் வாருங்கள், இரண்டு பேர் போதும்.

அண்ணாச்சி, பெட்டி ஏற்றும்போது குளிர்சாதனப் பழுதுநீக்கம் பற்றிய தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, ஈரமாக இருக்கிறதே என்று திரும்ப வைத்தீர்கள். அது 23ஆம் பெட்டியில் இருந்தது. போன வாரம் காய்ந்து, செங்கல்லுக்கு அடியிலிருந்தும் எடுத்தாயிற்று. கம்ப்ரசர் படம் இருக்கும் பக்கத்தில் சேற்றுக் கறை ஒன்று போகவில்லை, மற்றபடி எல்லாப் பக்கமும் பிரிகிறது. மேசை டிராயரில் உங்களுக்காக வைத்திருக்கிறோம். அடுத்த லோடு இந்தப் பக்கம் வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

படிப்பகத்திலிருந்து,
உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டவர்கள்