முகவரி மாறினால் நின்றுவிடும் மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழுநோய் ஒழிந்துவிட்டது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாக நோயாளிகள் இருந்தால் அது பொதுச் சுகாதாரச் சிக்கல் ஆகாது என்னும் அளவுகோலை இந்தியா 2005ஆம் ஆண்டின் இறுதியில் எட்டியது உண்மைதான். ஆயினும் இன்றும் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. உலகில் கண்டறியப்படுவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இவர்களே. பீகார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா என நோய் கூடுதலாக உள்ள மாநிலங்களிலிருந்தே பெருநகரங்களின் கட்டடப் பணிகளுக்குத் தொழிலாளர்கள் பெருமளவில் வருகிறார்கள். அவர்கள் மீது பழி சுமத்த இதை எழுதவில்லை. கிருமி புகுந்து அறிகுறி தென்படச் சராசரியாக 5 ஆண்டுகளும், சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆகும் என்பதால், நோய் எந்த ஊரில் தொற்றியது என்று ஆராய்வதில் பயனில்லை.

இந்நோயின் அறிகுறியான வெளிறிய அல்லது சற்றே சிவந்த படையில் அரிப்பும் இல்லை, வலியும் இல்லை; தேமல் என்று விட்டுவிடுவார்கள். கை மரத்துப்போனால் வேலைக் களைப்பு என்பார்கள். வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனை வரிசையில் யார் நிற்பார்? நோயாளிகளைக் கண்டறிய வீடு வீடாகச் செல்லும் கணக்கெடுப்போ பகலில் நடக்கிறது. அப்போது தொழிலாளர் தங்கும் அறைகள் பூட்டிக் கிடக்கும். பூட்டியிருந்ததாகக் குறித்துக்கொண்டு அத்தகைய கதவுகளை நானும் கடந்து சென்றிருக்கிறேன். மாலையில் தங்குமிடத்துக்கே சென்று, சட்டையைக் கழற்றச் செய்து முதுகையும் பார்த்து, கண்ணை மூடச் சொல்லிப் படையின் மீது பேனா முனையால் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சந்தேகத்துக்குரியவரை அங்கேயே பிரித்தறியலாம். பெண் தொழிலாளர்களைப் பரிசோதிக்கப் பெண் பணியாளர்கள் வேண்டும்.

கண்டறிந்த பின்புதான் பெரிய சிக்கல் தொடங்குகிறது. கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ தொடர வேண்டும். ஆனால் கட்டடம் முடிந்தால் மேஸ்திரி ஆட்களை வேறு நகரத்துக்கு அழைத்துச் சென்றுவிடுகிறார், அல்லது அறுவடைக்காக அவர்களே ஊர் திரும்புகிறார்கள். நம் பதிவேட்டில் அந்த நோயாளி 'சிகிச்சையை விட்டவர்' ஆகிறார். உண்மையில் அவரைப் பின்தொடராமல் விட்டது நாம்தான். கூட்டு மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரைச் சிவக்கச் செய்யும், குளோஃபசிமின் தோலைக் கருக்கச் செய்யும் என்பதை அவருடைய மொழியில் யாரும் சொல்லாததால், பயந்து மாத்திரையை நிறுத்தியவர்களும் உண்டு. இவற்றைவிட அஞ்ச வேண்டியது, சிகிச்சையின்போதோ அது முடிந்த பிறகோ திடீரென நரம்புகள் வீங்கி வலிக்கும் எதிர்வினை. உடனே ஸ்டீராய்டு மருந்து தொடங்காவிட்டால் விரல்கள் மடங்கிப்போகலாம், பாதம் தொங்கிப்போகலாம். கையை நம்பிப் பிழைப்பவருக்கு அதன் பிறகு வேலை ஏது?

புறப்படுபவரிடம் சில மாதங்களுக்கான மாத்திரை அட்டைகளை ஒருசேரக் கொடுத்தனுப்பும் முறை உலக சுகாதார அமைப்பு ஏற்றதே. அதனுடன் அவர் மொழியில் அச்சிட்ட சிகிச்சை அட்டையும், எந்த மாநிலத்திலும் அழைக்கக்கூடிய ஒரே தொலைபேசி எண்ணும் வேண்டும். 2023இல் தொடங்கப்பட்ட 'நிகுஷ்ட் 2.0' என்னும் தொழுநோயாளிகளுக்கான இணையப் பதிவு, நோயாளி செல்லும் மாவட்டத்துக்கு அன்றே தகவல் தர வேண்டும். பரிசோதனை முடிவை ஒப்பந்ததாரரிடம் எக்காரணத்தாலும் தெரிவிக்கக் கூடாது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பரவும் தன்மை நீங்கிவிடுவதால், வேலையை விட்டு நீக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. நோயாளிகளை ஒதுக்கிவைத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. மேஸ்திரிகளின் மனத்தில் அது இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

அடுத்த கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே, பெருநகரங்களில் களப்பணியாளர்களின் வேலைநேரத்தை மாலைக்கு மாற்றியும், அதற்குரிய படியை அறிவித்தும் சுகாதாரத் துறை ஆணை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழுநோய்த் தடுப்புக் களப்பணியாளர்