தூக்குக்குண்டு கொண்டுவந்த அண்ணனுக்கு

பினாங்கு பட்டர்வொர்த் உறவுகளுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை இரவு பிள்ளைகளின் வானியல் முகாமுக்கு வந்த தடங்கல் உங்களுக்கே தெரியும், அதைத் திரும்பக் கிளற வேண்டாம். முகாம் நடந்துவிட்டது. அதுவும் உச்சி நேரத்தில் நட்ட கம்புக்கு நிழலே விழாத நிழலில்லா நாளன்றே. தள்ளிப்போட்டிருந்தால் சூரியன் மறுபடி நம் தலைக்கு நேரே வரும் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும்.

கடைக்குப் பின்னால் இருந்த கார் நிறுத்துமிடத்தைத் திறந்துவிட்ட முதலாளி, விடிவதற்குள் கூடாரம் போட்ட தம்பிகள், நாசி லெமாக் கட்டிக் கொடுத்த அக்காமார், கூடைப்பந்தும் டென்னிஸ் பந்தும் தந்த படிவம் நான்கு மாணவன், எல்லாருக்கும் நன்றி. (கூடைப்பந்து பூமி, டென்னிஸ் பந்து நிலா. எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்று கேட்டால் பிள்ளைகள் ஒரு முழம் காட்டினார்கள். ஏழு மீட்டர் தள்ளிப் போய் நிற்கச் சொன்னதும் ஒரே கூச்சல்.)

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டுமான வேலையில் இருந்த கொத்தனார் அண்ணன். பேச்சில் ராமநாதபுரத்து வாடை. சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நின்று, நாங்கள் மூங்கில் கம்பு நடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1.20 வாக்கில் இதற்கு நிழலே இருக்காது என்றேன். "பன்னெண்டுக்குத்தானம்மா உச்சி?" என்றார். பினாங்கு இருக்கும் இடத்துக்கு நம் கடிகாரம் ரொம்பவே முந்தி ஓடுகிறது, 1982இல் கிழக்கே இருக்கும் சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்க இன்னும் அரை மணி முன்னே தள்ளினார்கள் என்றேன். தலையாட்டினார். "அப்ப கம்பு நட்டமா நிக்கணும்ல?" என்று கேட்டுவிட்டுப் போனவர், தூக்குக்குண்டோடு திரும்பி வந்தார்.

நூலைக் கம்போரம் தொங்கவிட்டு, குண்டு ஆடி நிற்கும்வரை பொறுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முன்னிருந்து ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை. அடியில் கல் வைத்து இறுக்கினார். அப்புறம் குண்டைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து ஒவ்வொருவரையும் பார்க்க வைத்தார். அது பூமியின் நடுவை நோக்கித் தொங்குகிறது என்று நான் விளக்க, "அதெல்லாம் தெரியாதும்மா, இதப் பாத்துக் கட்டுனா செவுரு நிக்கும்" என்றார்.

சொன்ன நேரத்துக்கு நிழல் சுருங்கிக் கம்பின் அடியில் போய் ஒளிந்தது. பிள்ளைகள் கத்திய கத்தலில் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை, அதற்குள் வேலைக்குப் போய்விட்டார். சோறு ஆறியிருக்கும்.

அண்ணே, செப்டம்பரில் மறுபடி கம்பு நடுகிறோம். எந்த சைட்டில் இருந்தாலும் சொல்லி அனுப்புங்கள், வந்து கூட்டிப்போகிறோம். அன்றைக்குச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.